முறுக்குக் கோவிலுக்கு முதுகு காட்டும் தெரு

வலம்புரித்துறைக்கு முதல்முறையாக வருகிறவர்கள், கோவில் தெருவில் இருக்கிற அத்தனை வீடுகளும் கடைகளும் யாரோடோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி கோவிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, உங்களூர்க்காரர்களுக்குச் சாமி மேல் என்ன வருத்தம் என்று என்னிடம்தான் கேட்பார்கள், ஏனென்றால் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே டீக்கடை என்னுடையது. என் பெயர் கயித்தான். என் கடை பெஞ்சை அப்பா காலத்திலேயே தரையோடு சேர்த்துப் பதித்துவிட்டார்கள். அதில் உட்கார்ந்தால் மீன் ஏலக்கூடம் தெரியும், ஐஸ் பேக்டரி தெரியும், கழுத்தைக் கொஞ்சம் வளைத்தால் கடல்கூடத் தெரியும், கோவில் வாசல் மட்டும் தெரியாது. அடுத்த சலூனில் கண்ணாடியைப் பக்கவாட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்கள், எதிரே மாட்டினால் அதற்குள் வாசல் விழுந்துவிடும் என்று. வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை, எங்களுக்குப் பயம், அவ்வளவுதான்.

வாசலில் நட்டிருக்கும் நீலப் பலகையில் அடைக்கல மாதா சிற்றாலயம், போர்த்துக்கீசியர் கட்டியது, பரோக் பாணி என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது முறுக்குக் கோவில். பீடத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற தூண்கள் நேராக நிற்கத் தெரியாமல் அடியிலிருந்து உச்சிவரை முறுக்கிக்கொண்டு போகும். அதில் திராட்சைக் கொடி சுற்றி, கொடிக்குள் கிளி உட்கார்ந்து, கிளிக்கு மேலே உடம்பே இல்லாமல் தலையும் இறக்கையும் மட்டுமாகக் குட்டித் தேவதூதர்கள், நாங்கள் சொல்கிற சம்மனசுகள், கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கும், அத்தனைக்கும் மேலே தங்க முலாம். ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விட மனசில்லாமல் கட்டியிருக்கிறான் மனுஷன். அண்ணாந்து பார்த்தால் கூரையே இல்லை என்று தோன்றும்; மோட்சத்தை வரைந்து, மேகத்தைப் பிளந்து, அந்தப் பிளவின் விளிம்பில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரு பெருங்கூட்டம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பஸ் நின்றதும் முண்டியடித்து ஏறத் தயாராக நிற்கிற கூட்டத்தின் முகம் எப்படி இருக்குமோ, அந்த முகங்களும் அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை அவர்களைப் பார்த்துவிட்டு வந்து நான் காய்ச்சலில் படுத்தேன்.

அந்தக் கோவிலுக்குள் போகிறவர்கள், சில நாளில், போனதைவிட ஒருவர் கூடுதலாக வெளியே வருவார்கள்.

இதை எங்களூரில் யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. மழை மாதிரி, சில நாள் உண்டு, பல நாள் இல்லை. கணவனும் மனைவியுமாக உள்ளே போனவர்கள் ஒரு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டதையெல்லாம் தொடாதே என்று அதட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்த மகனுக்கு அம்மை போட்ட தழும்பு இருக்கும், அவனைப் பெற்றெடுக்க ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டைத் தாய் கண்கலங்கச் சொல்வாள், வீட்டுக்குப் போனால் அவன் கிழித்த பாயும் அவன் படிக்கிற பள்ளிக்கூடமும் அங்கே அவன் காதைத் திருகிய வாத்தியாரும் இருப்பார்கள். அவன் பொய்யில்லை, மாயமுமில்லை, தும்மினால் சளி வருகிற முழுப் பிள்ளை. ஊருலகம் மொத்தமும் அவனை அறியும். அவர்கள் வாசற்படி தாண்டிய கணத்தில் அங்கே நின்று பார்த்த கண் ஒன்று இருந்தால், அந்தக் கண்ணுக்கு மட்டும்தான் அவன் போகும்போது இல்லை என்பது தெரியும்.

அதனால் நாங்கள் பார்ப்பதில்லை. கோவில் படியில் காலடிச் சத்தம் கேட்டால் தெரு மொத்தமும் திரும்பிக்கொள்ளும். வலைக்குக் கண்ணி போடுகிறவர் வலையோடு திரும்புவார், மீன் ஆய்கிறவள் அரிவாள்மனையோடு திரும்புவாள், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்கூட ஒரே பக்கமாகத் திரும்பி நின்று மிச்சச் சண்டையை முடிப்பார்கள். கண்ணுக்கு அடுத்தபடி சாட்சி சொல்வது செருப்பு. ஊர் நினைப்பு மாறினாலும் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு மாறாது, போட்டது போட்டபடி கிடக்கும். ஆகவே என் அண்ணன் மனைவி சலேத்மேரி மயினி, ஒரு பெரிய ஓலைப்பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஊரிலுள்ள பழஞ்செருப்பெல்லாம் கலந்து கிடக்கிற அந்தப் பெட்டிக்குள் வருகிறவர்கள் தங்கள் செருப்பையும் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு, அது கோவில் உபயம். பழைய செருப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் மயினி வாயில் விழுந்து எழுந்தால் வெறுங்காலோடேயே ஊருக்கு ஓடிவிடுவார்கள்.

எங்களூரில் சம்பந்தம் பேசும்போது பையன் என்ன தொழில், குடிப்பானா என்று கேட்பார்கள், யார் வழியில் வந்தவன் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. காலையில் முகம் வழிக்கும்போது, நான் எந்த வாசல் வழியாக வந்தவன் என்று கண்ணாடியைப் பார்த்து ஒரு கணம் யோசிக்காத ஆம்பிளை இங்கே இல்லை, நானும்தான். பங்குச் சாமியாரிடம் போனால், ஆண்டவர் ஆளை அனுப்புகிறார், நீங்கள் சோற்றைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வார். தனியாக மட்டும் யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் போகிறவனைக் கோவில் வெறுங்கையோடு அனுப்பவே அனுப்பாது என்று பேச்சு.

சொன்னால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒரே ஒருமுறை பார்த்தோம், அது போதும். ராயப்புவும் சூசையும் அண்ணன் தம்பி. சூசை சின்னப் பிள்ளையாக வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தபோது அவன் அப்பாவும் அம்மாவும் கோவிலுக்குள் போனதைப் பார்த்திருக்கிறான், அவர்கள் தனக்கு மூத்த ஒருவனோடு வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறான். அண்ணன் வந்து சேர்ந்த நாளைப் பார்த்த தம்பி அவன். மீசை நரைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. படகை யார் ஓட்டுவது என்று ஒருநாள் பேச்சு முற்றியபோது, "நீ உள்ள போவவே இல்லலே, நா பாத்தேன்" என்று ஒரே வரி சொன்னான். ராயப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "எனக்குப் போவ மனசில்ல, பிடிங்கலே, பிடிங்க" என்று அழுதுகொண்டே நடந்தார். இடுப்பைக் கட்டிப் பிடித்தவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு நடந்தார், கால் அவர் சொல் கேட்கவில்லை. படியேறி உள்ளே போனார். பின்னாலேயே ஓடினோம், உள்ளே ஒருவரும் இல்லை. அவரை எல்லோருக்கும் மறந்து போயிருந்தாலாவது பரவாயில்லை, யாருக்கும் மறக்கவில்லை. அவர் மனைவி இன்றைக்கும் அந்தத் தட்டை யாருக்கும் கொடுப்பதில்லை.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து இருந்த தெருவில்தான், குடிநீர்க் குழாய் போடச் சந்தைப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். வழக்கமாக வெளியூர் வண்டிகள் அங்கேயே நின்றுவிடும், ஆட்கள் நடந்து வருவார்கள். அன்று முற்பகலில் ஒரு மதுரை வேன் நிற்க இடமில்லாமல் ஊருக்குள் வந்து, தெரு முழுக்க வந்து, கோவில் படிக்கு நேரே முன் கண்ணாடியை வைத்து நின்றது. வந்தவர்கள் செருப்பு காணாமல் போகும் என்று வண்டிப் படியிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். காலடிச் சத்தம் கேட்டதும் நாங்கள் திரும்பிக்கொண்டோம். டிரைவர் திரும்பவில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அவன் பெயர் பால்பாண்டி. சவாரியை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்து டீ வாங்கினான். கலகலவென்று பேசுகிற ஆள், பார்த்தவுடனே பிடித்துப்போகிற முகம். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

"எனக்கு யாருண்ணே பொண்ணு குடுப்பா? அப்பன் ஆத்தா போய்ச் சேர்ந்தாச்சு. வண்டியிலயே படுக்குறேன், வண்டியிலயே எந்திரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அப்போது அவர்கள் வெளியே வந்தார்கள். கார்மேகம், மதுரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். அவர் மனைவி பூரணி. பத்தாவது படிக்கிற மகள் இலக்கியா. இன்னும் பால்பல் விழாத மகன் முகில். பால்பாண்டி டீ கிளாஸைப் பாதியில் கீழே வைத்தான்.

"என்னக்கா, மூணு பேர்தான உள்ள போனீங்க?" என்றான்.

மயினி அந்த நிமிஷமே ஓலைப்பெட்டியைக் காலால் எத்திவிட்டார், செருப்பெல்லாம் படியில் உருண்டு பெருஞ்சத்தம் எழுந்தது, ஆனாலும் பிந்திவிட்டது. கார்மேகம் சிரித்தார். "விடிய விடிய வண்டி ஓட்டுனா இப்படித்தான் தம்பி. டீயக் குடிச்சிட்டுக் கொஞ்சம் கண்ண மூடுங்க, சாயங்காலம் கெளம்பலாம்" என்றார். பால்பாண்டி சிரிக்கவில்லை. அவன் கண் அந்த நாலு பேரில் ஒருவர் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுக்க அவன் பாடுபட்டான், பிய்த்தால் மறுபடி அங்கேயே போனது. அந்தக் கண் எங்கே போகிறது என்று பார்த்துவிடக் கூடாதே என்று நான் அடுப்பைப் பார்த்தேன், சலூன்காரர் கத்தரிக்கோலைப் பார்த்தார், வலைக்காரர் வானத்தைப் பார்த்தார். அவன் பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு உலகத்தில் இருக்கிற மற்ற எல்லா இடத்தையும் நாங்கள் பார்த்தோம்.

மயினிக்கு அதற்குள் வண்டிப் படியில் செருப்பு கிடக்கிற விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு, கையால் துழாவிக்கொண்டே வண்டிவரை போய், படியில் இருந்ததையெல்லாம் எண்ணிக்கை விரலுக்குத் தெரிவதற்குள் மாரோடு வாரி அணைத்து, ஓலைப்பெட்டிக்குள் கொட்டிக் கலக்கினார். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்போம்.

பூரணி சிரிக்கவில்லை. பிள்ளைகளையும் புருஷனையும் கடைக்குள் உட்கார வைத்து, ரஸ்க்கும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, என் அடுப்பருகே வந்து நின்றார்.

"அண்ணே, அந்தம்மா ஏன் கண்ணக் கட்டிக்கிட்டு எங்க செருப்ப அள்ளுறாங்க?"

"அது இங்கத்த வழக்கம்மா."

"டிரைவர் சொன்னதக் கேட்டதுல இருந்து தெருவே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. நான் பிள்ளை பெத்தவண்ணே. எங்கிட்ட மறைக்காதீங்க."

நான் மறைத்திருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் அவன் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை தூரம் போகப் போகிறவர் அவர்தான். தெரியாமலே ஏதாவது கேட்டுவிட்டால்? சொல்லிவிட்டேன். கோவிலைப் பற்றிச் சொன்னேன், ராயப்புவைப் பற்றியும் சொன்னேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது, இருவரும் அதை இறக்கவில்லை. பூரணி கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் பார்த்தார். முகில் ரஸ்க்கைப் பாலில் முக்கி, அது உடைந்து விழுந்ததற்கு அழத் தயாராக இருந்தான். இலக்கியா செல்போனில் தங்கத் தூண்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்மேகம் தன் ரஸ்க்கை மகனிடம் தள்ளினார். ஒவ்வொருவரையும் பார்த்து முடித்த பிறகு பூரணி தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"நானா இருந்தா?" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"அந்த மூணு பேர்ல யாருன்னாலும் எனக்கு உசுரு போயிரும். நானா இருந்தா, அதுகளுக்கு நாளைக்கு யாருண்ணே தலை சீவி விடுவா?"

கேட்டுவிட்டு அவர் நேரே போய் பால்பாண்டியின் கண்ணுக்கு முன்னால், கடையை மறைத்துக்கொண்டு நின்றார். அவன் வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். மயினி அதற்குள் அவன் காதில் எல்லாவற்றையும் ஓதிவிட்டிருந்தார், அவன் உதடு வெளுத்திருந்தது.

"தம்பி, நீங்க எதையும் சொல்லாதீங்க. நானும் கேக்க மாட்டேன். என்னைக்கும் கேக்க மாட்டேன்" என்றார் பூரணி.

"சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா. ஆனா என் வாயி எனக்குத் தெரியும். சும்மாவே ஒரு ரகசியம் தங்காது, ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா கேக்கவே வேணாம்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வண்டி ஓட்டும்போது கண்ணாடியில பின் சீட்டுத் தெரியும்க்கா. நான் பாக்காம எப்படி ஓட்டுவேன்? நான் பாத்தா நீங்க கண்டுபிடிச்சிருவீங்களே."

"வேற வண்டியில போயிருவோம்."

"போலாம்க்கா. நாளைக்கு உங்க தெருவுல சவாரி வருமே. உங்கள எங்கயாவது பாப்பேனே. எனக்கே பயமா இருக்குக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. நல்லவன்தான், நல்லவனுடைய வாயைப் பார்த்து ஒரு தெருவே நடுங்கிக்கொண்டு நின்றது. வலைக்காரர் அவனை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று முணுமுணுத்தார். எப்படி வைத்துக்கொள்வது, கட்டியா போட முடியும்? எத்தனை நாளைக்கு? அப்போது மயினி எழுந்து வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்தார். அவர் குரல் அவ்வளவு கனிவாக நான் கேட்டதில்லை.

"மூஞ்சி கைகாலக் கழுவுப்பா. உள்ள போயி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திட்டு வா. பயமெல்லாம் போயிரும்."

மயினியைச் சலூன் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"மயினி, அவன் ஒத்தையால்லா போறான்."

"ஒத்தையாத்தான் போவணும் கொழுந்தனாரே."

"பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவனுக்குன்னு ஒரு ஆளு கூட இல்ல, அதான் வாய் நிக்கல. அவனுக்கும் பொத்திப் பொத்தி வைக்க ஒண்ணு வரட்டும். பெறவு பாரும், வாய தைச்சுக்கிட்டுத் திரிவான்."

அப்படிச் சொல்லிவிட்டு மயினி சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற இன்னொருவனை அந்தக் கோவில் வாய்க்குள் அனுப்புகிறோம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. பால்பாண்டி காலைக் கழுவினான், செருப்பைப் படியோரம் விட்டான். தெரு திரும்பிக்கொண்டது. மயினி பூரணியின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டுத் தானும் திரும்பிக்கொண்டார். நான், தம்பி போகாதே என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லவும் முடியாமல் திரும்பவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். ஒல்லியான முதுகு, வியர்வையில் ஒட்டிய காக்கிச் சட்டை, கையில் ஒரு மெழுகுவர்த்தி. அவன் தனியாக வாசற்படியைத் தாண்டினான். வேறு யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

உள்ளே இருட்டில் அவன் முட்டி போடுவதையும், அண்ணாந்து பார்ப்பதையும், மேகத்தின் விளிம்பில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கூட்டம் யாரை அனுப்பலாம் என்று தங்களுக்குள் பார்த்துக்கொள்வதையும் நான் நினைத்துப் பார்த்தேன். யார் வருவார்கள்? ஒரு பெண்டாட்டியா, கிழவனா, அவனை அடிக்கிற ஓர் அண்ணனா? ஒருவரும் வராமல் அவன் மட்டும் வந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த மூச்சில், அப்படி வந்தால் இந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று அந்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"படியில ஓடாதடி, விழுந்து தொலைக்கப் போற" என்று அவன் குரல் கேட்டது.

ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு பால்பாண்டி வெளியே வந்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது, அவனுடைய அதே அகன்ற நெற்றி. "அண்ணே, தர்ஷினிக்கு ஒரு பன்னு குடுங்க. காலையில இருந்து ஒண்ணும் திங்க மாட்டேங்குறா. ஆத்தா இல்லாத பிள்ளை, நான் ஒருத்தன் சொன்னா எங்க கேக்குறா?" என்றான். நான் பன்னை எடுத்தேன். அது என் கையிலிருந்து நழுவியது, இன்னொன்றை எடுத்தேன்.

மயினி அவளைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தெம்பும் போய்விட்டது. ஆள் வந்துவிட்டது என்கிற நிம்மதியோ குற்றமோ எதுவும் அந்த முகத்தில் இல்லை, வெயிலில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற சாதாரணக் கோபம்தான் இருந்தது.

"வெறுங்காலோட விட்டுருக்கான் பாரும் கொழுந்தனாரே. வந்ததுலேந்து பிள்ளை வண்டிக்குள்ளயே சுருண்டு கெடந்துச்சு. நாந்தான் அவளையும் கூட்டிட்டுப் போப்பான்னு அனுப்புனேன்" என்றார்.

சலூன்காரர் அவளுக்குத் தான் கொடுத்த மிட்டாயைத் தின்றாளா என்று கேட்டார். முகில் ஓடிவந்து, வண்டியில் பாதியில் விட்ட விளையாட்டைத் தொடரலாம் என்று கூப்பிட்டான். பூரணி அவளைப் பக்கத்தில் இழுத்து, வழியெல்லாம் கட்டிவிட்ட ரிப்பன் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டே மறுபடி கட்டினார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து பயப்பட ஒரு முகம்கூட அந்தத் தெருவில் இல்லை. அந்தப் பிள்ளை உள்ளே போகவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதைச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு இனி ஆள் கிடையாது.

பால்பாண்டி படியோரம் போனான். அங்கே அவன் செருப்பு மட்டும் கிடந்தது. பக்கத்தில் சின்னச் செருப்பைத் தேடினான், படிக்கு அடியில் குனிந்து பார்த்தான், வண்டிக்குள் பார்த்தான். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கோவிலில் என்ன நடக்கும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும். அவன் மெதுவாக என்னிடம் வந்தான். காலையில் சிரித்த முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே" என்றான். படியோரம் கிடந்த செருப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "நான் உள்ள போகும்போது நீங்க இங்கதான நின்னீங்க?"

"ஆமா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, என் வாயையே பார்த்தான். அவ்வளவு பயத்தை ஒரு மனிதன் முகத்தில் நான் பார்த்ததில்லை, ராயப்பு முகத்தில்கூட இல்லை. என் வாய்க்குள் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமாத்தான் போனீங்க தம்பி. பிள்ளை செருப்பப் போடாமலே வண்டியிலேந்து குதிச்சு முன்னால ஓடுச்சு. நீரு ஏசிக்கிட்டே பின்னால போனீரு. நடுப்படியில தடுக்கி விழப் பாத்துச்சு, நீருதான் பிடிச்சீரு" என்றேன். பொய்க்கு எத்தனை விவரம் கேட்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவன் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு நேரே பூரணியிடம் போனான். பூரணி ரிப்பன் கட்டிய கையோடு நிமிர்ந்தார்.

"அக்கா, நான் செல்போன நோண்டிக்கிட்டு இருந்தேன்க்கா, சரியாப் பாக்கல. நீங்க நாலு பேரும்தான் உள்ள போனீங்க. இப்ப நல்லா ஞாபகம் வந்துருச்சு" என்றான்.

பூரணி அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவன் கண் அதன்பிறகு அந்த நாலு பேரில் ஒருவர் மேலும் போகவில்லை. அது போக வேறு இடம் இருந்தது.

மயினி எல்லோருக்கும் புது ரப்பர் செருப்பு கொடுத்தார், சின்ன ஜோடி ஒன்றைத் தேடி எடுத்து அவரே தர்ஷினிக்கு மாட்டிவிட்டார். வண்டியில் ஏறினார்கள். தர்ஷினி முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில், ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு பன்னைத் தின்றாள். பால்பாண்டி சாவியைத் திருகுவதற்குள் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, ஏன் என்னையே பாக்குறீங்க?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் கண் அவள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிய்த்து எடுத்தாலும் அங்கேயே போகிறது. இந்தக் கண்ணை யாராவது பார்த்துவிட்டால் போதும். நான் சட்டென்று அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஏலக்கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, மாமாவுக்கு எம்மேல கோவமா?" என்று பின்னால் அவள் கேட்பது காதில் விழுந்தது.

"இல்லடா. இந்த ஊர்ல அப்படித்தான் திரும்பி நிப்பாங்க" என்றான் பால்பாண்டி. வெகுநேரம் வண்டி கிளம்பவில்லை, கிளம்பும்வரை நான் திரும்பவுமில்லை.